கார்த்திகை ஆறுக்குத் திரும்பும் வழி

கார்த்திகை 4

மழை விடவில்லை. கீழே சாப்பாட்டுக் கூடம் முழுக்கத் தண்ணீர். வாசலில் கட்டிய வாழைமரங்களின் தலை மட்டும் தெரிகிறது. நாங்கள் நான்கு பேர் மாடியில், முகூர்த்தக் கூடத்தில் இருக்கிறோம்.

நான் மாசிலாமணி, இந்தக் கல்யாண மண்டபத்தின் மேனேஜர். அஞ்சுகம் என் மனைவி. முகூர்த்தத்துக்கு விருந்தாளியாக வந்து மாட்டிக்கொண்டவள் ஜெபராணி, நர்ஸ். மேடைக்கு சீரியல் விளக்கு கட்ட வந்தவன் பாஸ்கர். கல்யாணக் கூட்டம் முதல் படகிலேயே போய்விட்டது. மாப்பிள்ளை வீட்டார் எதிலும் முந்திக்கொள்வார்கள்.

நாங்கள் ஒரு விளையாட்டுக்குள் இருக்கிறோம் என்பதையும் எழுதிவிடுகிறேன். இதில் ரகசியம் ஒன்றுமில்லை, நால்வருக்கும் தெரியும். மீட்புப் படகு வரும்வரை சாகாமல் இருப்பதுதான் ஆட்டம். எங்களை ஆட்டி வைப்பவர் மேலே, தன் வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஓர் அம்மாள். அவர் ஒரு மஞ்சள் அம்பை எங்கள் தலைமேல் கொண்டுவந்து அழுத்தினால் கால் தானாக நடக்கும். அவர் எழுந்து போனால் நாங்கள் எங்கள் இஷ்டத்துக்குச் சில்லறை வேலை பார்ப்போம். மைக்கை அணைக்க அவருக்குத் தெரியாது. அவர் வீட்டுக் குக்கர் விசில்கூட எங்களுக்குக் கேட்கிறது. இங்கே பட்டினி கிடக்கும்போது அந்தச் சத்தம் அவ்வளவு நன்றாக இல்லை.

இந்த டைரியும் விளையாட்டைச் செய்தவர்கள் கொடுத்ததுதான். ஆடுகிறவர் திறந்து படிப்பார் என்று வைத்திருக்கிறார்கள். அம்மாள் திறக்கவே இல்லை. ஆகவே தைரியமாக எழுதலாம்.

கார்த்திகை 5

காலையில் பாஸ்கரின் பெயர் மாறிவிட்டது.

தலைக்கு மேல் 'பாஸ்கர்' என்று மிதந்த எழுத்து ஒவ்வொன்றாக அழிந்து 'சிதம்பரநாதன்' என்று வந்தது. அம்மாள் அந்தப் பெயரை வாயால் சொல்லவில்லை, ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினார். பிறகு ரொம்ப மெதுவாக, "என்னங்க, குளிருதா?" என்று கேட்டார்.

பாஸ்கர் திருதிருவென்று விழித்தான். அவனுக்கு இருபத்தெட்டு வயது. கல்யாணம்கூட ஆகவில்லை.

அஞ்சுகத்துக்குத்தான் முதலில் புரிந்தது. "வீட்டுக்காரர் பேரை வச்சிருக்காங்க. மனுசன் போய்ச் சேந்துட்டாரு போல. பேரைச் சொல்லக்கூட வாய் வரல, பாருங்க."

"அதுக்கு நம்ம எலெக்ட்ரீஷியனா கிடைச்சான்?"

"நீங்க போனா நான் யாருக்கும் உங்க பேரை வைக்கமாட்டேன். ஒரு மாசிலாமணியைக் கட்டி மேய்ச்சதே போதும்."

அந்த நிமிடத்திலிருந்து இருக்கிற ஒரே கம்பளி பாஸ்கருக்கு. மாப்பிள்ளை சோபா பாஸ்கருக்கு. முதல் கஞ்சி பாஸ்கருக்கு. இருபது வருஷம் இந்த மண்டபத்தைக் கட்டிக் காத்தவன் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில்.

கார்த்திகை 6

மழை கொஞ்சம் விட்டது. ஸ்டோர் ரூமில் ஒரு டின் அரிசியும் வெல்லமும் கிடைத்தன. அஞ்சுகம் பொங்கல் வைத்தாள். பாஸ்கர் பழைய பேட்டரி ஒன்றை நோண்டி ஒரு வரிசை சீரியல் விளக்கை எரியவிட்டான். பச்சையும் சிவப்புமாகக் கூடம் பார்க்க நன்றாக இருந்தது. அஞ்சுகம் மணப்பெண் நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"மேடைமேல செருப்போட ஏறக்கூடாதுன்னு போர்டு இருக்குல்ல?" என்றேன்.

"நீங்களும் வந்து உக்காருங்க. நம்ம கல்யாணத்துல மேடையே இல்லையே."

போய் உட்கார்ந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான்.

அப்போது எல்லாம் ஒரு கணம் அப்படியே நின்றது. வானத்தில் ஒரு பலகை வந்தது. அதில் இரண்டு கட்டங்கள். எங்கள் பக்கத்திலிருந்து எழுத்து இடவலம் மாறித் தெரியும், எனக்குப் படித்துப் பழகிவிட்டது. முதல் கட்டத்தில் 'கார்த்திகை 6' என்று விழுந்தது. இந்த நாளை அம்மாள் சேமித்து வைத்திருக்கிறார். ஏதாவது ஏடாகூடமானால் இங்கே திரும்பி வரலாமாம்.

கார்த்திகை 7

பாஸ்கருக்குக் காய்ச்சல். அம்மாள் தன் மகளுக்குப் போன் போட்டார். அவர் பேசுவது மட்டும்தான் எங்களுக்குக் கேட்கும்.

"சுபா, ஒங்கப்பாவுக்குக் காய்ச்சல்டி... தெரியும்டி, கேமுதான். நான் என்ன லூசா?... அன்னைக்கும் இப்படித்தான். வெறும் காய்ச்சல்னு நெனச்சு கசாயம் வச்சுக் குடுத்துட்டு இருந்தேன். ஒரு நாள் முன்னாடி ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா... சரி சரி, அழல. வை."

கார்த்திகை 8

மருந்துக்கடைக்கு இரண்டு பேர் போகவேண்டும். படகு கிடையாது. ஐந்நூறு பேருக்கு சாம்பார் வைக்கிற அண்டா ஒன்று மிதக்கிறது.

அம்பு முதலில் ஜெபராணி தலைமேல் வந்தது. அப்புறம் என் தலைமேல். என் பெயருக்குக் கீழே 'முழங்கால் வலி' என்று எப்போதும் இருக்கும். பொய்யில்லை, வலிதான். எழுந்தேன். தூணைப் பிடித்தேன். முனகினேன். கொஞ்சம் அதிகமாகவே முனகினேன் என்று அஞ்சுகம் சொன்னாள். அவள் எதையும் ஊதிப் பெரிதாக்குவாள்.

"ஐயோ பாவம், இவரு வேணாம்" என்றார் அம்மாள். அம்பு நகர்ந்து அஞ்சுகத்தின் தலைமேல் நின்றது.

அண்டாவுக்குள் இறங்கும்போது அவள் சொன்னாள்: "அடுப்புல கஞ்சி இருக்கு. அடிப்பிடிக்காம கிண்டி விடுங்க."

சாயங்காலம் ஜெபராணி மட்டும் வந்தாள்.

கார்த்திகை 9

கஞ்சி அடிப்பிடித்துவிட்டது.

கார்த்திகை 10

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை.

பெட்ரோல் பங்க் வளைவில் தண்ணீர் சுழித்து அண்டா கவிழ்ந்திருக்கிறது. மருந்துப் பை ஒரு பக்கம், அஞ்சுகம் ஒரு பக்கம். அவளுக்கு நீச்சல் தெரியாது. ஜெபராணி இரண்டு நாளாகச் சாப்பிடாமல் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். இன்று அவளாகவே வந்து பேசினாள்.

"அக்கா கை பக்கத்துலதான் சார் இருந்துச்சு. நான் பையைத்தான் புடிச்சேன்."

"அம்பு எதுமேல இருந்தது?"

"பை மேலதான். ஆனா கை என்னுதுதானே சார்?"

"விடும்மா" என்றேன்.

அம்மாள் என்ன சொன்னார் தெரியுமா? "அடடா." அவ்வளவுதான். காபி ஆறிப்போனாலும் அவர் அதைத்தான் சொல்வார். சொல்லிவிட்டு மாத்திரையைப் பிரித்துத் தன் 'வீட்டுக்காரருக்கு'க் கொடுக்கச் சொன்னார். பாஸ்கருக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் இரண்டாவது கட்டத்தில் 'கார்த்திகை 10' என்று சேமித்தார்.

எனக்கு அஞ்சுகம் வேண்டும். இதை வேறு மாதிரி எழுதத் தெரியவில்லை.

கார்த்திகை 12

மொட்டை மாடியில் தார்பாய் கட்ட ஏறிய பாஸ்கர் கால் வழுக்கித் தண்ணீரில் விழுந்தான். மேலே வரவில்லை. அம்மாள் அலறுகிறார். நாற்காலி விழுகிற சத்தம். வானத்தில் பலகை வரு

கார்த்திகை 10 (இரண்டாம் முறை)

காலையில் டைரியைத் திறந்தேன். பன்னிரண்டாம் தேதி வரை எழுதியிருக்கிறது. என் கையெழுத்துதான். எழுதிய ஞாபகம் துளியும் இல்லை. தண்ணீரில் மூழ்கிச் செத்தவன் எதிரில் உட்கார்ந்து விரலால் பல் தேய்த்துக்கொண்டிருக்கிறான்.

அம்மாள் பத்தாம் தேதிக்குத் திரும்பியிருக்கிறார். எல்லோருக்கும் எல்லாம் மறந்துவிட்டது, எனக்கும்தான். விளையாட்டைச் செய்தவர்கள் இந்த டைரியை மட்டும் அழிக்க மறந்திருக்கிறார்கள்.

ஆக, திரும்பிப் போக முடியும். அவர் புருஷனுக்காக ஒரு நொடியில் போனார். என் பெண்டாட்டிக்கு ஓர் 'அடடா'.

கார்த்திகை 11 (இரண்டாம் முறை)

அம்மாள் மகளிடம் விளக்கிக்கொண்டிருந்தார். "ஆறாம் தேதி ஒண்ணு இருக்கு, பத்தாம் தேதி ஒண்ணு இருக்கு. பத்து கிட்டக்க இருக்குன்னு அதுக்குப் போயிட்டேன். ரெண்டு கட்டந்தான் குடுத்திருக்கான் கஞ்சப்பய."

ஆறாம் தேதியில் அஞ்சுகம் உயிரோடு இருக்கிறாள். பொங்கல் கிண்டிக்கொண்டிருக்கிறாள்.

பொழுது போகாமல் ஒன்றை யோசித்துப் பார்த்தேன். அம்மாள் பாஸ்கருக்காக மட்டும்தான் திரும்புவார். கிட்டத்தில் இருக்கிற நாளுக்குத்தான் திரும்புவார். அந்த நாளில் போய் நின்றாலும் அவன் பிழைக்கமாட்டான் என்றால் அதற்கும் முந்தைய நாளுக்குப் போய்த்தானே தீரவேண்டும்? அது ஆறாம் தேதிதான். அங்கே போனால் அஞ்சுகமும் பிழைப்பாள், அவனும் பிழைப்பான்.

இது சும்மா யோசனை. நான் எதுவும் செய்யப்போவதில்லை.

கார்த்திகை 12 (இரண்டாம் முறை)

இந்தத் தடவை அம்மாள் பாஸ்கரை மாடிப்படி ஏறவே விடவில்லை. தார்பாயை நான் கட்டினேன். முழங்கால் ஒன்றும் சொல்லவில்லை.

கார்த்திகை 13

பாஸ்கருக்கு மறுபடி காய்ச்சல். போன தடவையைவிட அதிகம். மாத்திரை போதுமான அளவு மிச்சம் இருப்பதாக ஜெபராணி சொன்னாள். விடாமல் கொடுத்தால் எழுந்துவிடுவான் என்றாள். ஸ்டோர் ரூம் சாவி என்னிடம்தான் இருக்கிறது. மாத்திரை டப்பாவும் அங்கேதான் இருந்தது.

அம்மாள் துணி காயப்போடப் போயிருந்தார். திரும்பி வந்து பார்த்தால் டப்பாவைக் காணோம். எல்லோரும் தேடினோம். நானும் தேடினேன். மருந்துக்கடை இப்போது கூரை வரைக்கும் முங்கிவிட்டது, அங்கிருந்து இனி ஒன்றும் கொண்டுவர முடியாது.

வயதாகிவிட்டது. எதை எங்கே வைக்கிறேன் என்று ஞாபகம் இருப்பதில்லை.

கார்த்திகை 14

பதற்றத்தில் அம்மாள் இன்று மறுபடி சேமித்தார். இரண்டாவது கட்டத்தில் பத்து போய்ப் பதினான்கு வந்தது. முதல் கட்டத்தில் ஆறு அப்படியே பத்திரமாக இருக்கிறது.

இதை எழுதும்போது பேனா இரண்டு தடவை கீழே விழுந்தது. குளிர்தான்.

கார்த்திகை 15

பாஸ்கர் கூப்பிட்டான். போய் உட்கார்ந்தேன். கம்பளியில் பாதியை என் பக்கம் தள்ளினான்.

"முட்டியில போட்டுக்குங்க சார். ஈரத்துல இழுத்துக்கும்."

"எனக்கு எதுக்குப்பா, நீ போத்திக்க."

"சார், என் பேரு பாஸ்கர்தானே? எல்லாரும் மறந்துட்டாங்க. நீங்களாவது ஒரு தடவை கூப்பிடுங்க."

"பாஸ்கர்" என்றேன்.

சிரித்தான். நல்ல பையன். சீரியல் விளக்கு கட்டுகிறவர்களில் இவ்வளவு சரியான நேரத்துக்கு வேலைக்கு வருகிறவனை நான் பார்த்ததில்லை.

கார்த்திகை 16

பாஸ்கர் காலையில் இறந்துவிட்டான். அம்மாள் "இல்ல, இல்ல, இல்ல" என்கிறார். பலகை வருகிறது. ஆறுக்குப் போங்கள் அம்மா. ஆறுக்கு

கார்த்திகை 14 (இரண்டாம் முறை)

பதினான்குக்குத்தான் வந்திருக்கிறோம். கிட்டத்தில் இருக்கிறதே என்று இதை ஒரு தடவை பார்க்கிறார் போல.

டைரியைப் படித்தேன். பதினாறாம் தேதி வரை எழுதியிருக்கிறது. பாஸ்கர் சோபாவில் முனகிக்கொண்டிருக்கிறான். மாத்திரை இப்போது கொடுத்தாலும் பிழைத்துவிடுவான் என்று ஜெபராணி சொல்கிறாள். மறுபடி எல்லா இடத்திலும் தேடினேன். ஸ்டோர் ரூம், மணமகள் அறை, சமையல் மேடை எல்லாம் பார்த்தாயிற்று. மேடைக்கு அடியில் மட்டும் பார்க்கவில்லை. அங்கே எலி இருக்கும்.

இதில் தப்பு ஒன்றும் இல்லை என்று நினைக்கிறேன். ஆறாம் தேதிக்குப் போய்விட்டால் யாரும் சாகவில்லை என்று ஆகிவிடும். நடக்காத சாவுக்கு யார் மேல் பழி போட முடியும்?

ஆறாம் தேதி போய்ச் சேர்ந்ததும் நான் இதைப் படிப்பேன். ஆகவே எனக்கே எழுதி வைக்கிறேன்: படித்தவுடன் பதின்மூன்றாம் தேதிப் பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் கிழித்து அடுப்பில் போடு. பாஸ்கரிடம் நன்றாக நடந்துகொள். எட்டாம் தேதி அம்பு உன் தலைமேல் வரும். தூணைப் பிடிக்காதே. முனகாதே. வாயை மூடிக்கொண்டு நீயே அண்டாவில் ஏறு.

கார்த்திகை 15 (இரண்டாம் முறை)

பாஸ்கர் கூப்பிட்டான். கம்பளியில் பாதியைத் தள்ளினான். பெயரைச் சொல்லிக் கூப்பிடச் சொன்னான். என்ன கேட்பான் என்று முன்பே தெரிந்திருந்தும் இந்தத் தடவை எனக்கு வாய் வரவில்லை.

இரண்டு முறை மேடை வரைக்கும் போனேன். இரண்டு முறையும் திரும்பி வந்துவிட்டேன். அஞ்சுகம் அங்கே பொங்கல் கிண்டிக்கொண்டிருக்கிறாள், இங்கே இவன் முனகுகிறான். காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

கார்த்திகை 16 (இரண்டாம் முறை)

பாஸ்கர் காலையில் இறந்துவிட்டான்.

நான் முகம் கழுவி, தலை வாரி, பீரோவில் இருந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டேன். அஞ்சுகத்தைப் பார்க்கப் போகிறேன். இந்தச் சட்டையும் ஞாபகமும் கூட வராது என்று தெரியும். ஆனாலும் போட்டுக்கொண்டேன்.

அம்மாள் இந்தத் தடவை அலறவில்லை. மகளுக்குப் போன் போட்டார்.

"சுபா... திரும்பியும் அதேதான்டி. ரெண்டு தடவையும் பக்கத்துலயே இருந்தேன். கண்ணை எடுக்கல. மாத்திரை அதுவாக் காணாமப் போச்சுடி, நான் என்ன பண்ணுவேன்? எத்தனை தடவை திரும்பிப் போனாலும் இதுதான் நடக்கும் போல. போகணும்னு இருந்தவரு போயிட்டாரு... அப்ப அன்னைக்கும் என் தப்பு இல்லதானே? ஒரு நாள் முன்னாடி போயிருந்தாலும் இதுதானே ஆயிருக்கும்? சொல்லுடி."

மகள் என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. அம்மாள் அழுதார். ஆனால் போன தடவை மாதிரி இல்லை. பாரத்தை இறக்கி வைத்தவர் அழுகிற அழுகை. மூக்கைச் சிந்திவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"சிதம்பரநாதன்" என்று வாய்விட்டுச் சொன்னார். இன்னொரு தடவையும் சொல்லிப் பார்த்தார். "போய்ட்டு வாங்க. நான் நல்லா இருப்பேன்."

ஜெபராணி விசும்பினாள். நான் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பலகை வந்தது. அம்பு முதல் கட்டத்துக்குப் போனது. கார்த்திகை 6. அம்பு அதன்மேல் நின்றது.

"இனிமே பழசை வச்சுக்கிட்டு என்ன பண்ணப்போறேன்" என்றார் அம்மாள்.

ஒரே அழுத்து. ஆறு போய்ப் பதினாறு வந்தது.

பொங்கல் வைத்த அந்தக் காலை இனி எங்கேயும் இல்லை. அம்மா, அதில் என் பெண்டாட்டி இருந்தாள். கத்தினேன். மைக் அவருக்குத்தான் உண்டு, எங்களுக்குக் கிடையாது.

கார்த்திகை 17

பாஸ்கரைக் கம்பளியில் சுற்றி மொட்டை மாடியில் கிடத்தியிருக்கிறோம். தண்ணீர் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. அம்மாள் ரொம்பத் தெளிவாக ஆடுகிறார். இடையில் பாட்டு வேறு.

ஜெபராணி சாப்பிட மறுக்கிறாள். "நான்தான் சார் அந்த டப்பாவை எங்கயோ மாத்தி வச்சிருக்கணும். அக்கா உசுரைக் குடுத்து எடுத்துட்டு வந்த மாத்திரை. அதையும் தொலைச்சுட்டேன். ரெண்டு பேரும் என்னாலதான் போனாங்க."

நான் கஞ்சித் தட்டை அவள் பக்கம் தள்ளினேன். நாளைக்குச் சொல்லிவிட வேண்டும். நான் ஒன்றும் அரக்கன் இல்லை.

கார்த்திகை 18

இன்று அவள் கொஞ்சம் சாப்பிட்டாள். அதைக் கெடுப்பானேன் என்று சொல்லவில்லை. நாளைக்குக் காலையில் முதல் வேலை.

கார்த்திகை 19

காலையில் படகு வந்துவிட்டது.

ஜெபராணியைக் கூப்பிட்டு, "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா" என்று ஆரம்பித்தேன். அதற்குள் ஆரஞ்சுச் சட்டைக்காரர்கள் ஏறி வந்து எங்களை இறக்கிவிட்டார்கள். படகில் உட்கார்ந்ததும் இசை தொடங்கியது. முடிவுக் காட்சி. அதில் எங்களுக்கு வசனம் எழுதவில்லை. வாயைத் திறந்தேன், காற்றுகூட வரவில்லை.

வானத்தில் ஒவ்வொருவர் பெயராக வந்தது, கீழே ஒரு வரித் தீர்ப்போடு. ஆட்டம் அம்பு சொன்னதை மட்டும்தான் கணக்கில் எடுத்துக்கொள்ளும். அம்பு சொல்லாமல் நாங்களாகச் செய்ததெல்லாம் அதற்குச் சில்லறை வேலை.

'ஜெபராணி: உயிர் பிழைத்தார். தோழியைக் கைவிட்டு மருந்தைக் காப்பாற்றினார்.'

அவள் நிமிர்ந்து இடவலம் மாறிய எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படித்தாள். படித்து முடித்து, சரிதான் என்பது போலத் தலையை ஆட்டினாள்.

'மாசிலாமணி: உயிர் பிழைத்தார். கடைசிவரை யாருக்கும் தீங்கு நினைக்காதவர்.'

"சுபா, ஜெயிச்சுட்டேன்டி!" என்று அம்மாள் போனில் கத்தினார். "ரெண்டு பேரைக் கரை சேத்துட்டேன். அந்த மேனேஜரைப் பத்தி என்ன போட்டிருக்கான் பாரு. தங்கமான மனுசன்டி. பாவம், பொண்டாட்டியைப் பறிகுடுத்துட்டு அந்த ஆளு என்ன பாடுபட்டாரோ."

ஜெபராணி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தில் கேள்வியே இல்லை. என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள் என்று புரிந்தது.

இப்போது திரை இருண்டுவிட்டது. அவள் பக்கத்தில் இல்லை, படகும் இல்லை. டைரி மட்டும் கையில் இருக்கிறது.

கடைசிக் காட்சியில் பிழைத்தவர்கள் எல்லோரும் சிரித்தபடி கரையைப் பார்த்துக் கையசைக்க வேண்டும் என்று விளையாட்டைச் செய்தவர்கள் எழுதியிருந்தார்கள். நானும் அசைத்தேன்.